புது டீசல் பிக்கப் வாங்கினால் சென்சார் தொல்லை என்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

ஏஜென்சி தொழிலுக்கு பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டின் புது விதி) டீசல் பிக்கப் பார்த்து வைத்திருக்கிறேன், எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், பேசாமல் பழைய பிஎஸ் 4 வண்டியே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும், எந்த ரோட்டில் ஓடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது. ஏஜென்சி என்றால் எப்படியும் டவுனுக்குள் கடை கடையாக நிறுத்தி இறக்குகிற வேலையாகத்தான் இருக்கும். வீட்டில் மச்சானோ மாமனாரோ "டீசல்தான் மைலேஜ், டீசல்தான் இழுவை" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. திருப்பூரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறவன். 2021 கடைசியில் பழைய குட்டி யானை வண்டியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு லோன் போட்டு, புது டீசல் பிக்கப் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதே வண்டி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவீர்கள், வேறு வண்டி வைத்திருப்பவர்கள் சிரிப்பீர்கள். தவிர, இது ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமும் இல்லை.

எங்கள் ஓட்டம் இப்படி. காலை ஐந்தரைக்கு பிளான்ட்டில் 60 கேன் ஏற்றுவோம். நிறைந்த கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல், ஆக 1,200 கிலோவைத் தாண்டிவிடும். அங்கிருந்து நாலு கிலோமீட்டர்தான் லைன். அப்புறம் முழுக்க முதல் கியர், இரண்டாவது கியர். பனியன் கம்பெனி வாசலில் எட்டு கேன், மெஸ்ஸில் ஐந்து, சந்துக்குள் ரிவர்ஸில் போய் இரண்டு. டிரைவர் தம்பி இடையில் வண்டியை அணைக்கவே மாட்டான். அடிக்கடி ஸ்டார்ட் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ட்ரிப் அடித்தாலும் மொத்தம் 45 கிலோமீட்டர் வந்தால் அதிகம்.

ஐந்தாவது மாதம் டேஷ்போர்டில் ஆரஞ்சு கலரில் ஒரு விளக்கு வந்தது. ஒரு டப்பா, அதற்குள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ. தம்பி அதை "மாத்திரை டப்பா லைட்டுண்ணா" என்றான். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று நானும் பத்து நாள் விட்டுவிட்டேன். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கமென்ட்டில் வந்து மேனுவல் படிக்கவில்லையா என்று கேட்க வேண்டாம், படிக்கவில்லை.

பதினோராவது நாள் ரயில்வே மேம்பாலம் ஏறும்போது, ஃபுல் லோடில், இழுவை போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை அடி வரைக்கும் மிதிக்கிறான், ஆர்பிஎம் முள் 2,000ஐத் தாண்டவில்லை. வண்டி நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. பின்னால் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹாரன். பாலத்தை எப்படியோ ஊர்ந்து தாண்டி, அனுப்பர்பாளையத்தில் எங்கள் குட்டி யானையைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அவர் பானெட்டைத் திறந்து முதலில் ஆயில் குச்சியை உருவினார். துடைத்தார், திரும்ப விட்டு எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல் கோட்டுக்கும் மேலே அரை இஞ்ச் ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுக் குச்சியை என் மூக்கருகே நீட்டினார். டீசல் வாசம். "ஆயில் குறைஞ்ச வண்டி ஆயிரம் பார்த்திருக்கேனுங்க தம்பி. கூடுன வண்டிய இப்பத்தான் பார்க்கறேன்" என்றார்.

விஷயம் என்னவென்று பிறகுதான் புரிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 வந்ததும், டீசல் வண்டி சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் வைத்துவிட்டார்கள். தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டை. கரும்புகையில் இருக்கிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறைந்ததும் வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்யும். எரிவதற்கு அந்த ஃபில்டர் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடாக வேண்டும். அதற்காக இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக, தாமதமாகத் தெளிக்கும். வண்டி ஒரே வேகத்தில் 20 நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும். எங்கள் வண்டிக்கு அந்த 20 நிமிடம் வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. எரிக்க ஆரம்பிக்கும், அடுத்த சந்தில் மெதுவாகிவிடும். மறுபடி ஆரம்பிக்கும், மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி சாவியைத் திருப்பிவிடுவான். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கரியும் போகவில்லை, ஆயிலும் கெட்டது. மாத்திரை டப்பா விளக்கு சொன்னது இதைத்தான், பாலத்தில் இழுவை போனதும் இதனால்தான்.

சர்வீஸ் சென்டரில் கையில் டேப்லெட் வைத்திருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "வண்டில குறை இல்ல சார். உங்க யூசேஜ்தான் தப்பு." எனக்கு எரிந்தது அங்கேதான். வண்டி விற்ற ஆள் எங்கள் பிளான்ட்டுக்கே வந்து, எங்கள் தண்ணீரையே குடித்துவிட்டு, "சிட்டிக்குன்னே செஞ்ச வண்டி சார்" என்று சொன்னவர். தண்ணீர் கேன் போடுகிறவன் தினமும் சேலத்துக்கா ஓட்டுவான்? லேப்டாப் மாட்டி, நிறுத்திவைத்தே முக்கால் மணி நேரம் எரித்தார்கள். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினார்கள். பில் 7,800. இது வாரன்ட்டியில் வராதாம், பராமரிப்பாம்.

மூன்று வாரத்தில் மறுபடி மாத்திரை டப்பா. இந்த முறை ஃபில்டரையே மாற்ற வேண்டி வரலாம், லட்சத்தை நெருங்கும் என்றார்கள். இன்னொருவர் தனியாக அழைத்து, ஃபில்டரை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன், 18,000 கொடுங்கள் என்றார். செய்யவில்லை. உத்தமன் என்று காட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அது சட்டப்படி குற்றம், இருக்கிற வாரன்ட்டியும் போகும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கும்போது யார் பதில் சொல்வது?

வண்டி ஏன் அவ்வளவு நேரம் ஐடிலில் நிற்கிறது என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் லைனில் ஐந்து மாடி அபார்ட்மென்ட் ஒன்று இருக்கிறது. லிஃப்டில் தண்ணீர் கேன் ஏற்றக்கூடாது என்று அசோசியேஷனில் தீர்மானம் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சிந்துமாம். அதே லிஃப்டில் நாய் போகும், சோபா போகும், சிலிண்டர் போகும். 20 கிலோ கேனைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறுகிற பையனிடம், "போன மாசம் 35 ரூபாதானே வாங்கினீங்க, இப்ப ஏன் 40?" என்று கேட்பார்கள். காலி கேன் டெபாசிட் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. சரி, விடுங்கள்.

வண்டிக்கு வருகிறேன். என்னோடு அதே மாடல் எடுத்தவர் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் இருந்து காய் லோடு அடிக்கிறார். ராத்திரி ஓட்டம், போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, அந்த விளக்கு எரிந்து அவர் பார்த்ததே இல்லை. நான் புலம்பினால், "ஏனுங் வண்டியக் குத்தம் சொல்றீங்க" என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை. அதனால்தான் முதலிலேயே தூரம் கேட்டேன்.

பழைய பிஎஸ் 4 வாங்கலாமா என்றால், கடைசி பிஎஸ் 4 வண்டிக்கே ஐந்து வயது தாண்டிவிட்டது. எட்டு வயதானால் எஃப்சி வருடா வருடம். பழைய வண்டியில் சென்சாரே கிடையாது என்று நினைப்பதும் தப்பு. பல பிஎஸ் 4 பிக்கப்பிலேயே காமன் ரெயில் வந்துவிட்டது, அதாவது சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்த்து டீசல் தெளிக்கிற முறை. அதில் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) மேலே போகும். டயருக்கு 60 அடிக்கிறோமே, அது 4 பார்தான். அந்த அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டருக்குத் தண்ணீர் கலந்த டீசல் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். டெல்லியில் கொண்டுவந்த மாதிரி பத்து வருட டீசல் தடை நம் ஊரில் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று பட்டறைக்காரரை வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

உங்கள் ஓட்டம் என்னுடையது மாதிரி 40, 50 கிலோமீட்டர் என்றால் டீசலை மறந்துவிட்டு பெட்ரோலோ சிஎன்ஜியோ பாருங்கள். சிஎன்ஜி பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டும், அது வேறு தலைவலி. ஆனாலும் மேம்பாலத்தில் நிற்பதற்கு அது தேவலை. டீசல்தான் என்று முடிவு செய்தால், நிறுத்திவைத்து எரிக்கிற ஸ்விட்ச் வண்டியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஷோரூமிலேயே உங்கள் டிரைவரை உட்காரவைத்து அதை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். எரியும்போது வண்டி காய்ந்த புல் மேலேயோ ஓலை மேலேயோ நிற்கக்கூடாது, அடிப்பாகம் அவ்வளவு சூடு. ஆயில், மேனுவலில் போட்டிருக்கிற சாம்பல் குறைந்த ரகம் மட்டும்தான். கரியை எரிக்கலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். ஆட் புளூ (புகையின் நச்சைக் குறைக்கிற திரவம்) ஊற்றுகிற வண்டியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். வீட்டிலேயே கலக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள். தண்ணீர் வியாபாரம் செய்கிற நானே சொல்கிறேன், எங்கள் ஆர்ஓ தண்ணீரே அதற்குப் போதாது.

என் வண்டி இன்னும் அதே ஃபில்டரோடுதான் ஓடுகிறது. நின்று இறக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டேன், பேட்டரி ஒன்றும் ஆகவில்லை. புதன், ஞாயிறு விடிகாலையில் பாதி லோடோடு பெருமாநல்லூரில் பைபாஸ் ஏறி, செங்கப்பள்ளி தாண்டி, 60க்குக் குறையாமல் ஒரே ஓட்டு. விஜயமங்கலம் டோலுக்கு முன்னாடியே திருப்பிவிடுவேன். டீசல் தண்டம்தான், லட்ச ரூபாய்க்கு முன்னால் அது கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளும் வருவாள். அவளுக்கு அது வண்டிக்கு வாக்கிங்.

இந்த ஞாயிறும் போனோம். விளக்கு எதுவும் இல்லை. திரும்பி வரும்போது அந்த அபார்ட்மென்ட் செகரட்டரி போன் செய்தார். அவசரமாக மூன்று கேன் வேண்டுமாம். நாலாவது மாடி.