பழைய ரேஞ்ச்ஃபைண்டர் (இரட்டை உருவத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும்) ஃபிலிம் கேமரா கையில் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஃபிலிம் போடும் முன், தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தைப் பார்த்து லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை முடிவிலி (∞) குறிக்குத் திருப்புங்கள். வியூஃபைண்டரின் நடுவே தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஃபோகஸை நம்பாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஸோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமரா என்றால் ஷட்டரை ஏற்றிய (ஃபிலிமை நகர்த்தும் லீவரையோ குமிழையோ முழுதாக இயக்கிய) பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்/16-இல் வைத்து, 400 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஃபிலிமுக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் போதும்.

இன்னொன்று, வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும்! அப்படி ஒரு ரோலையே இழந்திருக்கிறேன், இன்றும் வருத்தம்தான்.

ஃபிலிமை ஏற்றியபின் லீவரை இழுக்கும்போது ரீவைண்ட் குமிழும் (ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ்) சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் சரியாக மாட்டவில்லை.