கிட்டார் டாப்புக்கு ஏன் 300 வருஷத்து மரம்? கேளுங்க, சொல்றேன்

கிட்டார் செய்யறதும் ரிப்பேர் பாக்குறதும்தான் என் தொழில். கிட்டாரோட முன்பலகைக்கு (அதான் டாப்பு) அலாஸ்காவுல இருந்து வர்ற சிட்கா ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்தைப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, முடிஞ்சவரைக்கும் பதில் சொல்றேன்.

கே: அண்ணா, சாலிட் டாப்புக்கு பழைய காட்டு மரம்தான் வேணுமா? நட்டு வளர்த்தது ஆகாதா?

ப: சாலிட் டாப்புங்கறது முழு மரத்துல அறுத்த ரெண்டு பலகைய நடுவுல ஒட்டுறது தம்பி, ஒவ்வொண்ணும் எட்டு இஞ்ச் அகலமாவது வேணும், அதையும் மரத்தோட நடுவுல இருந்து பட்டைய நோக்கி அறுத்தாதான் ரேகை (மரத்தோட வருஷ வளையக் கோடு) செங்குத்தா நிக்கும், நடுத்தண்டும் பட்டையும் கழிவுல போயிடும், அப்ப மரம் எவ்ளோ பெருசா இருக்கணும்னு பாத்துக்கோங்க. முடிச்சு, திருகல் எதுவும் இருக்கக்கூடாது. அடர்ந்த காட்டுல நிழலுக்குள்ள மெதுவா வளர்ற மரத்துலதான் ரேகை நெருக்கமா வரும், கீழ்க்கிளையும் தானா உதிர்ந்துடும். அதுக்கு 250, 300 வருஷம் ஆகும். வெட்டின இடத்துல திரும்ப வளர்றது வேகமா பெருக்கும், ரேகை அகலமாயிடும், அதையும் அத்தனை வருஷம் யாரு விட்டு வைக்கிறாங்க?

கே: அப்போ அலாஸ்கா காட்டை அழிச்சது கிட்டார் கம்பெனிங்கதானே?

ப: இல்லைங்க. தென்கிழக்கு அலாஸ்காவுல டோங்காஸ் காடு, கிட்டத்தட்ட 1.7 கோடி ஏக்கர். 1950கள்ல அரசாங்கமே மரத்தைக் கூழாக்குற ஆலைகளுக்கு 50 வருஷ ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துச்சு, பல நூறு வருஷத்து மரமெல்லாம் கூழாப் போச்சு, நினைச்சாலே வயிறு எரியுது. சிட்கா ஊர் ஆலைய 1993லயும் கெட்சிக்கன் ஊர் ஆலைய 1997லயும்தான் மூடுனாங்க. அங்க சீலாஸ்கான்னு ஒரு பூர்வகுடி கம்பெனி இருக்கு, 1971 சட்டத்துல நிலம் கிடைச்சவங்க, அவங்க வெட்டினதுல பெரும்பகுதி கப்பலேறி ஆசியாவுக்குப் போச்சு, கிட்டாருக்கு வந்தது துளிதான். கிப்சன், மார்ட்டின், டெய்லர், ஃபெண்டர்னு நாலு கிட்டார் கம்பெனியும் கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்போட சேர்ந்து சீலாஸ்காகிட்ட போய், காடு அழியாம பாத்து வெட்டுங்கன்னு பேசுனாங்க. பூர்வகுடி மக்களை மட்டும் குத்தம் சொல்றது நியாயமே இல்ல, பறிபோன நிலத்துல ஒரு பங்குதான் அவங்களுக்குத் திரும்பக் கிடைச்சுது. 2021ல சீலாஸ்கா மரம் வெட்டுறத விடுறதாவும் அறிவிச்சுட்டாங்க.

கே: பேக், சைடுக்கு வர்ற ரோஸ்வுட் நம்ம ஊருதா சார்?

ப: ஆமா, நம்ம ஈட்டி மரமேதான். மார்ட்டின் 1969ல பிரேசில் ரோஸ்வுட்ல இருந்து இதுக்கு மாறுனாங்க, பிரேசில் மரத்துக்கு 1992ல உலக அளவுல வியாபாரத் தடையே வந்துடுச்சு. ஈட்டிய காப்பாத்த தமிழ்நாட்டுல 1994ல தனிச்சட்டமே போட்டாங்க.

கே: ஃப்ரெட்போர்டுல (விரல் வச்சு அழுத்துற கறுப்புப் பலகை) பழுப்புக் கோடு இருக்கு, மட்ட மரமா?

ப: நல்ல மரம்தான்க்கா, பயப்படாதீங்க. கேமரூன்ல முழுக் கறுப்பு எபோனி (கருங்காலி வகை) மரத்துக்காக பத்து மரம் வெட்டி ஒண்ண மட்டும் எடுத்துட்டு மிச்சத்த காட்டுலயே போட்டுட்டு வந்துட்டு இருந்தாங்கன்னு டெய்லர் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பாப் டெய்லரே சொன்னாரு. இப்ப கோடு போட்டதையும் அவங்க கிட்டார்ல வைக்கிறாங்க. வாசிக்கிறதுல ஒரு வித்தியாசமும் இல்ல.

கே: புதுசு வாங்கலாமா வேணாமா? மனசு உறுத்துது.

ப: முதல்ல செகண்ட் ஹேண்ட் தேடுங்க, நல்லா காய்ஞ்ச பழைய ஸ்ப்ரூஸ் கிடைக்கும். புதுசுன்னா ரேகை அகலமா இருக்கு, நிறம் ஒரே மாதிரி இல்லன்னு கடையில திருப்பிக் குடுக்காதீங்க, அந்த அழகுக்காகத்தான் நல்ல பலகையெல்லாம் கழிவுல போகுது. அதே அலாஸ்காவுல பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுல தானா விழுந்த மரத்துல இருந்து டாப் அறுக்குறாங்க, அது கிடைச்சா யோசிக்காம எடுங்க. கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு லேமினேட் (மெல்லிசான மர ஏடுகளை ஒட்டுன பலகை) போதும், நம்ம மழைக்காலத்து ஈரத்தையும் அது தாங்கும்.