வி-லேன் 10 போகிறது, 30 போகவில்லை: நேர்காணலில் இதை ஏன் கேட்கிறார்கள்?

வணக்கம் அம்மா. பையன் இ.சி.இ. முடித்துவிட்டு நெட்வொர்க்கிங் படித்தான், நேர்காணலுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பி வருகிறான், கோடிங் பக்கம் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கடைசி நேர்காணலில் அவனிடம் கேட்டது இது: "இரண்டு ஸ்விட்ச், நடுவில் ஒரு ட்ரங்க். வி-லேன் 10 போகிறது, 30 போகவில்லை. முதலில் எங்கே பார்ப்பாய்?" பையன் ட்ரங்க் என்றால் என்ன என்று மடமடவென்று ஒப்பித்திருக்கிறான். கேட்டவர் "சரி, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அவனுக்குப் பாடம் தெரிந்திருக்கிறது. ஆனால் கேட்ட கேள்வி வேறு.

உங்களுக்கும் விஷயம் பிடிபட்டால் வீட்டில் பேச வசதியாக இருக்கும். ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவு கம்ப்யூட்டர், மாணவர் லேப், கண்காணிப்பு கேமரா எல்லாமே ஒரே ஸ்விட்ச்சில், அதாவது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியில், செருகியிருக்கலாம். ஆனால் லேப் மாணவர் கணக்குப் பிரிவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவுதான் வி-லேன். பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்பு கொடுக்கும்போது பிரிவுக்கு ஒரு கேபிள் இழுக்க முடியாது. எல்லாம் ஒரே கேபிளில் போகும். அதுதான் ட்ரங்க். எது யாருடையது என்று அந்தப் பக்கம் தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தரவுப் பொட்டலத்திலும்) 4 பைட் டேக், அதாவது அடையாளச் சீட்டு, ஒன்று சேர்கிறது. நேட்டிவ் என்று குறித்த ஒரு வி-லேன் மட்டும் வழக்கமாக டேக் இல்லாமல் போகும். அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. அதனால்தான் எண்கள் 1 முதல் 4094 வரை. 802.1க்யூ என்ற தரம் சொல்வது இதைத்தான்.

இனி எழுதுவதைப் பையனிடம் கொடுங்கள். கடைசிப் பகுதிக்கு மட்டும் நீங்கள் திரும்ப வந்தால் போதும்.

தம்பி, அந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 10 போகிறது என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் கேபிள் நன்றாக இருக்கிறது, இரண்டு பக்கமும் போர்ட் அப். இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "10 போவதால் ஃபிசிக்கல் லேயரை விட்டுவிடுகிறேன், சார்." எதைப் பார்க்கத் தேவையில்லை என்று உனக்குத் தெரிகிறதா என்பதைத்தான் அவர் முதலில் கவனிக்கிறார்.

ஆனால் 10 போகிறது என்பதற்காக ட்ரங்க் அமைந்துவிட்டது என்று முடிவு கட்டாதே. இரண்டு பக்கமும் ஆக்சஸ் போர்ட்டாக, அதாவது ஒரே ஒரு வி-லேனுக்கு உரிய போர்ட்டாக, வி-லேன் 10-இல் கிடந்தாலும் 10 ஜம்மென்று போகும், மற்றது எதுவும் போகாது. சிஸ்கோ 2960 ஸ்விட்ச்சில் போர்ட்டின் இயல்பு நிலை டைனமிக் ஆட்டோ, அதாவது எதிர்முனை கேட்டால் மட்டும் ட்ரங்க் ஆகும். இரண்டு பக்கமும் ஆட்டோ என்றால் யாரும் முதலில் பேச்சைத் தொடங்க மாட்டார்கள், ட்ரங்க் உருவாகாது, இரண்டும் வி-லேன் 1-இல் ஆக்சஸ் போர்ட்டாகவே நிற்கும். வி-லேன் 1-இல் பிங் (எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போவதைப் பார்த்துவிட்டு ட்ரங்க் சரி என்று நம்பி, மற்ற இடத்தையெல்லாம் குடைந்துகொண்டிருக்கும் பையன்களை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன்.

அடுத்தது, ஒரே ஒரு கட்டளை: ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க். இதன் வெளியீடு நான்கு பகுதியாக வரும். பெரும்பாலானவர்கள் முதல் பகுதியில் "ட்ரங்கிங்" என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். நான்கையும் மேலிருந்து கீழே படி. 30 என்ற எண் எந்தப் பகுதியில் காணாமல் போகிறதோ, கோளாறு அங்கே.

முதல் பகுதியில் மோட், என்கேப்சுலேஷன் (வி-லேன் அடையாளம் சேர்க்கும் முறை), நிலை, நேட்டிவ் வி-லேன். போர்ட்டே பட்டியலில் இல்லை என்றால் ட்ரங்க் அமையவில்லை, நான் மேலே சொன்ன ஆட்டோ கதை.

இரண்டாவது பகுதி, அனுமதித்த வி-லேன்கள். இங்கே 30 இல்லையென்றால் யாரோ பட்டியலைச் சுருக்கியிருக்கிறார்கள். இந்தப் பட்டியல் அந்தந்த ஸ்விட்ச்சுக்கு உரியது, எதிர்முனையோடு பேசி ஒத்துப்போகாது. ஆகவே இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது சார்" என்றால் மார்க் போச்சு.

மூன்றாவது பகுதிதான் ருசியானது. அனுமதித்தவற்றில் இந்த ஸ்விட்ச்சில் உண்மையிலேயே உயிரோடு இருக்கும் வி-லேன்கள் இங்கே வரும். இரண்டாவதில் 30 இருந்து மூன்றாவதில் இல்லையென்றால், அந்த ஸ்விட்ச்சில் வி-லேன் 30 உருவாக்கப்படவே இல்லை, அல்லது ஷட் டவுன் ஆகிக் கிடக்கிறது. இரண்டு ஸ்விட்ச் வைத்து லேப் செய்பவர்களுக்கு இது அநேகமாக எதிர்ப்படாது. ஏனென்றால் ஓர் ஆக்சஸ் போர்ட்டை 30-இல் போட்டதும், அப்படி ஒரு வி-லேன் இல்லையே, நானே உருவாக்குகிறேன் என்று சிஸ்கோ ஸ்விட்ச் செய்துவிடும். மூன்று ஸ்விட்ச் வரிசையாக இருக்கும்போதுதான் வினை. இரண்டு ஓரத்திலும் 30-இல் கம்ப்யூட்டர் இருக்கிறது, வி-லேன் தானாக வந்துவிட்டது. நடு ஸ்விட்ச்சில் 30-இல் யாருமே இல்லை, யாரும் உருவாக்கவும் இல்லை. ட்ரங்க் அப், அனுமதி உண்டு, ஆனாலும் நடுவில் ஃபிரேம் செத்துப்போகும். அலுவலகங்களில் இது சர்வ சாதாரணம். நேர்காணலில் "நடுவில் வேறு ஸ்விட்ச் இருக்கிறதா சார்?" என்று நீ திருப்பிக் கேட்டாலே அவர் நிமிர்ந்து உட்காருவார்.

நான்காவது, ஸ்பானிங் ட்ரீ (ஃபிரேம்கள் வட்டமடிக்காமல் உபரி வழியை அடைத்துவைக்கும் முறை) ஃபார்வர்டிங் நிலையில், அதாவது திறந்து, வைத்திருப்பவை. இங்கே மட்டும் 30 இல்லை என்றால் பதறாதே. இன்னொரு ட்ரங்க் வழியாக 30 போய்க்கொண்டிருக்கலாம், இது வேண்டுமென்றே அடைத்த வழியாக இருக்கலாம். மாற்றுவழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசு. வி.டி.பி. ப்ரூனிங் (எதிர்ப்பக்கம் தேவைப்படாத வி-லேனை ட்ரங்கில் தானாக நிறுத்தும் வசதி) போட்டிருந்தாலும் இங்கேதான் தெரியும்.

நேட்டிவ் மிஸ்மேட்ச் பற்றி ஒரு வார்த்தை. மாணவர்கள் எந்த ட்ரங்க் கேள்விக்கும் முதலில் உளறுவது இதைத்தான். ஒரு பக்கம் நேட்டிவ் 1, மறுபக்கம் 99 என்றால் சி.டி.பி. (பக்கத்து சிஸ்கோ கருவிகளோடு தகவல் பரிமாறும் நெறிமுறை) லாக்கில் கத்திக்கொண்டே இருக்கும், தொல்லைப்படுவதும் அந்த 1-உம் 99-உம்தான். 30 ஏதோ ஒரு பக்கம் நேட்டிவாக இருந்தால் ஒழிய உன் கேள்விக்கு இது முதல் பதில் ஆகாது.

நான்கிலும் 30 இருக்கிறது, ஆனாலும் பிங் போகவில்லையா? ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் வி-லேன் 30 என்று இரண்டு ஸ்விட்ச்சிலும் போட்டுப் பார். அந்தப் பக்க ஸ்விட்ச்சின் ட்ரங்க் போர்ட்டில் இந்தப் பக்க கம்ப்யூட்டரின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தெரிந்தால், ஃபிரேம் கடந்து போயிருக்கிறது. ட்ரங்க் மேல் பழி இல்லை. சப்நெட் மாஸ்க்கைப் பார், கேட்வேயைப் பார், அப்புறம் விண்டோஸ் ஃபயர்வாலைப் பார். பிங்கை அதுவே மறித்துக்கொண்டு, ஸ்விட்ச்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

கண்டுபிடித்தாயிற்று, அனுமதிப் பட்டியலில் 30 இல்லை. இப்போது அடுத்த கண்ணி. "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வி-லேன் 30" என்று அடித்தால் 30 மட்டும் அனுமதிக்கப்படும். 10, 20 எல்லாம் அந்த நொடியே போய்விடும். "ஆட்" என்ற சொல்லைச் சேர்த்து அடித்தால்தான் இருப்பதோடு 30 சேரும். தொலைவிலிருந்து அதே ட்ரங்க் வழியாக நுழைந்திருந்தால் உன் இணைப்பும் சேர்ந்து அறுந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் மாற்றத்தைத் தொடங்குமுன் "ரீலோட் இன் 10" என்று போட்டுவைக்கிறார்கள். சொதப்பினால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீபூட் ஆகி, சேமித்த பழைய கான்ஃபிகரேஷனோடு வரும். சரியாகிவிட்டால் ரீலோட் கேன்சல். ஃப்ரெஷர் ஒருவர் இதை நேர்காணலில் சொன்னால், "இவனை நம்பி உள்ளே விடலாம்" என்று தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கிறது.

பயிற்சி எப்படி? பாக்கெட் ட்ரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருள் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் கிடைக்கும். மூன்று ஸ்விட்ச், ஆறு கம்ப்யூட்டர், மூன்று வி-லேன் போட்டு எல்லாம் ஓட வை. அது பெரிய காரியம் இல்லை. பிறகு ஃபைலை நண்பனிடம் கொடுத்து, உனக்குத் தெரியாமல் ஏதாவது ஒன்றைக் கெடுத்துத் தரச் சொல். நீயே கெடுத்து நீயே சரிசெய்தால் விடை தெரிந்த கணக்கைப் போடுவது போலத்தான். ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுது: அறிகுறி என்ன, எதைச் சந்தேகித்தாய், எந்தக் கட்டளை, அதில் எந்த வரி சந்தேகத்தை உறுதிசெய்தது. சந்தேகம் தவறாகப் போனதையும் அடிக்காமல் விட்டுவை. அந்த நோட்டை நேர்காணலுக்குக் கொண்டு போ.

கையில் பணம் இருந்தால் சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்விட்ச் தேடலாம், கட்டாயம் இல்லை. 3560, 3750 போன்ற பழைய மாடல் கிடைத்தால் ஒன்று கவனி: அவற்றில் ஐ.எஸ்.எல். என்ற பழைய முறையும் உண்டு. முதலில் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ என்று சொல்லாமல் மோட் ட்ரங்க் அடித்தால் கட்டளையை நிராகரித்துவிடும். 2960-இல் அந்தக் கட்டளையே கிடையாது.

வேலையில் சேர்ந்ததும் ஸ்விட்ச்சை மாற்றும் அதிகாரம் கையில் வராது. என்.ஓ.சி.யில் (நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில்) எல்-1, அதாவது முதல் நிலை ஆள், என்றால் பெரும்பாலும் பார்க்கலாம், தொடக் கூடாது. அங்கே உன் பெயரைக் காப்பாற்றுவது டிக்கெட்டில் (கோளாறுப் பதிவில்) நீ எழுதும் நான்கு வரி. "வி-லேன் 30 வேலை செய்யவில்லை, பார்க்கவும்" என்று எழுதி மேலே தள்ளுபவரை எல்-2 ஆட்கள் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வார்கள். இப்படி எழுதிப் பார்: "மூன்றாம் மாடி ஸ்விட்ச்சில் 24-ஆம் போர்ட் ட்ரங்கிங். இந்த முனையில் 10, 20, 30 அனுமதி உண்டு. எதிர்முனையில் 10, 20 மட்டும். 30-இன் மேக் முகவரி எதிர்முனையில் பதிவாகவில்லை. பட்டியலில் 30-ஐச் சேர்க்க அனுமதி கோருகிறேன்." எல்-2 ஆளுக்கு இதற்கு மேல் தேட ஒன்றுமில்லை.

அம்மா, இனி உங்களுக்கு. இரவு ஷிஃப்ட் உண்டு, அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. நெட்வொர்க் தூங்காது, என்.ஓ.சி.யும் தூங்காது. முதல் ஓரிரு வருடம் பையன் காலை எட்டு மணிக்கு வீடு வந்து படுப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். கோடிங் அறவே வேண்டாம் என்ற வேலையும் இல்லை இது. ஐம்பது ஸ்விட்ச்சில் ஒரே மாற்றத்தைக் கையால் அடிக்க இன்று யாரும் விரும்புவதில்லை, பைத்தானில் எழுதிவிடுகிறார்கள். ஆகவே கோடிங்கா நெட்வொர்க்கிங்கா என்று குடும்பமே இரண்டு கட்சியாகப் பிரிய வேண்டாம். கொஞ்சம் பைத்தானை இதோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சி.சி.என்.ஏ. தேர்வின் எண் 200-301, நேரம் 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். எழுதுவதற்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. மேலே சொன்ன நோட்டு பாதியாவது நிரம்பிய பிறகு தேர்வுத் தேதி எடுத்தால் போதும். "டம்ப்" (கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்யலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது விதிமீறல், பிடிபட்டால் சான்றிதழே போய்விடும். பிடிபடாவிட்டாலும் பையன் மறுபடி அதே ட்ரங்க் கேள்வியில்தான் வந்து நிற்பான்.

புதிதாக ஏதும் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதாக இருந்தால், நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்ற பேனரைக் கண்டுகொள்ளாதீர்கள். நேரில் போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஸ்விட்ச்சுக்கு எத்தனை பேர், வகுப்பு முடிந்த பிறகும் லேபில் உட்கார விடுவார்களா, கோளாறு கண்டுபிடிக்கும் பயிற்சிக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாமல் திரும்பிவிடுங்கள். மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்திலும் அப்படியே.