நாலு பக்கம் முழங்கால், ஒரு வரி மாடு

கேள்வி: எனக்கு வயது 63. போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். பத்து வருஷமாக வலது முழங்கால் தேய்மானம். தை மாதக் கடைசியில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டேன். நாலரை மாதம் ஆகிவிட்டது, கால் இன்னும் என் கால் மாதிரி இல்லை. முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல இருக்கிறது. தொட்டால் சூடு. தையல் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப் போயிருக்கிறது. நடந்தால் உள்ளே டக் டக்கென்று சத்தம். பகலில் பரவாயில்லை. பொழுது சாய்ந்தால் வீங்கிக்கொள்கிறது, ராத்திரி குடைகிறது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் கண் அசருகிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கும் அதே வாரம்தான் ஆபரேஷன். அவர் கல்யாணம் காட்சிக்கெல்லாம் போய்வருகிறார். கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய்வர முடியாமல் பிசியோதெரபியைப் பத்து நாளோடு விட்டுவிட்டோம். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. காலையும் சாயந்திரமும் இரண்டு மாட்டையும் கறப்பது மட்டும்தான் நான். கறந்து வைத்தால் வீட்டுக்காரர் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிடுவார். மகனுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. டாக்டர் ஏதாவது தப்பு செய்துவிட்டாரா? ஆபரேஷன் செய்துகொண்டதே தப்போ? – பெயர் வேண்டாம்.

பதில்: அக்கா, இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம், உங்கள் கடிதம் நாலு பக்கம். நாலு பக்கமும் முழங்கால். மாடு ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் ‘மட்டும்தான்’ என்று ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். சூடும் வீக்கமும் மூன்று முதல் ஆறு மாதம் வரை இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம் வரைகூட இழுக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப் போவது, கீறும்போது தோலுக்குப் போகும் சின்ன நரம்பு அறுபடுவதால். மரத்த இடம் காலப்போக்கில் சுருங்கும், கொஞ்சம் அப்படியே தங்கியும் விடும். டக் டக் சத்தம் உள்ளே வைத்த உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் சத்தம், வலியோடு சேர்ந்து வராதவரை அதை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவையும் விட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கால் எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்துத்தான் பின்னால் மடங்குவதும் பெரும்பாலும் அமையும். பத்து வருஷம் இறுகிப்போன காலை அவர் காலோடு எப்படி ஒப்பிடுவீர்கள்?

இவ்வளவு சொன்னதால், ‘பயப்பட வேண்டாம், நாளாக நாளாகச் சரியாகிவிடும்’ என்று முடிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். முடிக்க மாட்டேன். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வலியோ அதிருப்தியோ தங்கிவிடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஐந்தாவது ஆளாக ஆவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப் போடுவோம். இரண்டு மாடு, இரண்டு வேளை. ஒரு நாளைக்கு நாலு தடவை தாழ உட்கார்ந்து நாலு தடவை எழுகிறீர்கள். மறுபடி எப்போது கறக்க ஆரம்பித்தீர்கள் என்று எழுதவில்லை. மூன்று மாதம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 360 தடவை. குந்தி உட்கார உங்களால் முடியாது, அதனால் முக்காலியோ பலகையோ போட்டு, காலை ஒருபக்கமாகத் தள்ளி வைத்து, வாளியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கறப்பீர்கள். சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90 வரை வேண்டும். நாற்காலியில் இருந்து எழ அதற்கும் கொஞ்சம் மேலே. இருக்கை தாழத் தாழ இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். மடங்காத கால் மடங்குகிற வேலையைச் செய்யும்போது பாரம் முழுவதும் தொடைச் சதையில் விழுகிறது. ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் அந்தச் சதை தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கும். பயிற்சியை விட்டுவிட்டீர்கள், இழந்ததை அது எங்கே போய் மீட்கும்?

மாட்டுக் கொட்டகைத் தரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாணமும் மூத்திரமும் கலந்த ஈரம். மாடு ஈ ஓட்டக் காலை உதறினால் போதும், நீங்கள் மல்லாந்துவிடுவீர்கள். செயற்கை மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் அதைச் சேர்ப்பது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலான வேலை.

சாயந்திரம் கறவை. பொழுது சாய்ந்தால் வீக்கம். ராத்திரி வலி. மூன்றையும் உங்கள் கைப்படவே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வேறு வேறு பக்கத்தில். சேர்த்துப் படித்துப் பாருங்கள். டாக்டரைப் பற்றிய உங்கள் கேள்வியை அதன் பிறகு கேளுங்கள்.

மாடு வேறு கைக்கு நிற்காது, பாலை அடக்கிக்கொள்ளும் என்பீர்கள். சரி, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் யார் கறந்தது? வீட்டுக்கு வந்து நடை வண்டி பிடித்து நடந்த நாட்களில்? கன்றுக்குட்டியா குடித்துத் தீர்த்தது? யாரோ கறந்திருக்கிறார்கள், மாடும் நின்றிருக்கிறது. கொஞ்சம் குறைவாகக் கொடுத்திருக்கும். அந்த அரை லிட்டரை மனசு தாங்காமல்தான் நீங்கள் எழுந்து போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் மீது எனக்குக் கோபம் வருகிறது. பால் கேனைத் தூக்கி வண்டியில் வைத்து சொசைட்டிவரை ஓட்டிப்போக அவருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. ஆபரேஷன் செய்த மனைவி முக்காலியில் இருந்து கையூன்றி எழுவதைப் பார்த்துக்கொண்டு கேனுக்குக் காத்து நிற்கவும் முடிகிறது. கறப்பது பெண் வேலை என்று எந்த மாடு அவரிடம் சொன்னது? இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் மகனுக்கும். ஷிப்ட் வேலைக்காரனுக்கு இரண்டு வேளையில் ஒரு வேளையாவது வீட்டில் இருக்க வாய்க்கும். ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்ததோடு பிள்ளையின் கடமை தீர்ந்துவிடாது. அம்மாவைப் பிசியோதெரபிக்கு யார் கூட்டிப்போவது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பஸ் ஏற முடியாதவரிடம் ‘பஸ்ஸில் போய்வர முடியவில்லை, அதனால் நிறுத்திவிட்டோம்’ என்பது என்ன நியாயம்?

அந்தச் சாக்கும் உங்கள் மாவட்டத்தில் எடுபடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்க வேண்டியது மகன் வேலை. வண்டி வைத்திருக்கும் வீட்டுக்காரரும் கேட்கலாம்.

இனி நீங்கள் எழுதாத ஒன்று. சொசைட்டி அட்டை யார் பேரில் இருக்கிறது? உங்கள் பேரில்தான் இருக்கும். பட்டுவாடா உங்கள் கணக்குக்கு வரும். பேத்திக்குக் கொலுசு, கோயிலுக்கு நூறு ரூபாய், மகளுக்கு யாருக்கும் தெரியாமல் ஐந்நூறு, எல்லாம் அதில் இருந்துதான். கறப்பதை விட்டால் மெதுவாக அட்டையும் கை மாறும், அப்புறம் மாத்திரை வாங்கக்கூட யார் முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று ஒரு பயம். அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன், இந்தப் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும். மாட்டை விற்கவும் சொல்ல மாட்டேன். என் அம்மா தன் இரண்டு எருமைகளை விற்ற வருஷம் மூன்று மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதனால் வாய்விட்டுப் பேசுங்கள். மகன் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் எல்லோரையும் உட்கார வைத்து, மாடு என்னுடையது, அட்டை என் பேரில் இருக்கும், கறப்பது இனி நீங்கள் என்று சொல்லுங்கள். மருமகள் கறந்தால் பட்டுவாடாவில் அவளுக்கு ஒரு பங்கு கொடுங்கள். சும்மா கறக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்குக் கையில் காசு வேண்டியிருப்பது போல அவளுக்கும் வேண்டாமா? உங்களை ஒரு வேலையும் செய்ய விடாத அந்தப் பெண்ணை இந்த ஒரு வேலையிடம் மட்டும் நீங்கள் அண்டவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பழக்குவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். முதல் சில நாள் புண்ணாக்கும் தவிடும் வைத்த பிறகு அவள் மடி கழுவட்டும். நீங்கள் கொட்டகைக்கு வெளியே, காய்ந்த தரையில், கைப்பிடி வைத்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து மாட்டோடு பேசிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் கேட்டால் அது மிரளாது. அந்த நேரத்தில் கையும் காலும் சும்மா இருக்க வேண்டாம். பாதத்தைத் தரையிலேயே பின்னுக்கு இழுத்து, முடிந்தவரை மடக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். அப்புறம் காலை நேராக நீட்டித் தூக்கி ஐந்து எண்ணுங்கள். ஒரு மாடு கறந்து முடிவதற்குள் இரண்டும் பத்துப் பத்துத் தடவை ஆகிவிடும். வீட்டுக்குள் வந்து காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வையுங்கள். பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் கூடுதலாகவே இருந்தால் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வலது காலில் ஆபரேஷன் என்பதால் கைத்தடி இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

முட்டிக்கு அடியில் இருக்கும் தலையணையை இன்றைக்கு ராத்திரியே எடுத்துவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே கால் இறுகி, முழுதாக நீட்ட வராமல் போய்விடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி கீழே தொங்கி நேராகட்டும்.

இன்னொன்று தள்ளிப்போடக் கூடாதது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இந்த வாரமே போய்க் கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இறுகிப்போன முட்டியை மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு. அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். அந்தக் காலம் உங்களுக்குத் தாண்டிவிட்டது, இன்னும் தாண்டவிடக் கூடாது. ராத்திரி வலியையும் சொல்லுங்கள். உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்க்கச் சொல்வார், சர்க்கரை இருந்தால் அதையும் பார்ப்பார். மாட்டைக் குற்றம் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், தழும்பில் நீர் அல்லது சீழ், பரவும் சிவப்பு, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் வாரக் கணக்கு வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். முழங்காலைப் பற்றி நாலு பக்கம் வேண்டாம். டாக்டர் அளந்த டிகிரி எவ்வளவு, உங்கள் வீட்டுக்காரர் கறந்தது எத்தனை லிட்டர் என்று இரண்டு எண் போதும்.