பனங்குருத்தைப் பார்த்துக் காகிதச் சிற்பம் மடிப்பது எப்படி?

இயற்கை வடிவங்களைக் காகிதத்தில் மடிக்க எதிலிருந்து தொடங்குவது, வளைத்த வடிவம் ஏன் விரிந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காங்கேயம் பக்கத்துக் காட்டோரப் பனையைவிடச் சிறந்த ஆசான் இல்லை என்பேன். வடலி (இளம்பனை) ஒன்றின் ஓலையை அருகில் வைத்துப் பாருங்கள்: மேடும் பள்ளமுமாக மாறி மாறி வரும் மடிப்புகள் காம்பருகே நெருங்கி, விளிம்பை நோக்கி அகல்கின்றன, மெல்லிய ஓலைக்கு விறைப்பைத் தருபவை அந்த மடிப்புகளே. அவ்வாறே ஒரு புள்ளியிலிருந்து கோடுகள் பிரித்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிய பின் மடியுங்கள்.

விரிந்துவிடுவதற்குக் காரணம் காகித நார்களின் மீள்தன்மை. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) உருவாக்கிய ஈர மடிப்பு முறையில், தடித்த தாளை இலேசாக ஈரப்படுத்தும்போது அதிலுள்ள பசை தளர்கிறது. வளைத்த நிலையிலேயே உலரவிட்டால் அவ்வடிவிலேயே இறுகுகிறது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) ஜெராக்ஸ் தாள் நனைந்தால் நைந்துவிடும் என்பதால், தடித்த ஓவியத் தாளையே வாங்குங்கள்.