எம்.ஐ.சி. எண் சின்னதாக இருந்தால் அதுதான் நல்ல மருந்தா?

இல்லை. எம்.ஐ.சி. என்பது கிருமி வளர்வதை நிறுத்தத் தேவையான மருந்தின் மிகக் குறைந்த அளவு; அந்த எண்ணை ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் ஒப்பிடவே கூடாது. உங்கள் அப்பாவின் கால்புண் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வந்தது சூடோமோனாஸ் என்ற கிருமி, சிப்ரோஃப்ளாக்சசின் 0.5, செஃப்டாசிடிம் 4, இரண்டுக்கும் 'எஸ்', அதாவது மருந்து வேலை செய்யும். சிப்ரோ எண்தான் சின்னது, பிறகு ஏன் செஃப்டாசிடிம் ஊசி என்றுதானே கேட்கிறீர்கள்? ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வரம்பு உண்டு, எண் அதற்குள் இருந்தால்தான் 'எஸ்'. சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்க ஆய்வகத் தரநிர்ணய அமைப்பின் அளவுகோலில் இந்தக் கிருமிக்கு சிப்ரோவின் வரம்பே 0.5தான், அதாவது விளிம்பில் நிற்கிறது; செஃப்டாசிடிமுக்கு 8 வரை போகலாம், 4 என்றால் இன்னும் இடம் இருக்கிறது. டாக்டர் ஊசியைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணமாக இருக்கலாம்.

செஃப்ட்ரியாக்சோன், ஆக்மென்டின் இரண்டுக்கும் 'ஆர்' (மருந்து வேலை செய்யாது) என்று பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போல. சூடோமோனாஸ் இயல்பாகவே அவற்றுக்கு மசியாது. மெரோபெனம் என்ற வலுவான மருந்துக்கும் 'ஆர்' வந்தால் கவலைப்படலாம்.

ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் மாதிரி எது என்று போட்டிருக்கும், பாருங்கள். புண்ணின் மேலாகப் பஞ்சில் ஒற்றியெடுத்ததா, சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுத்த திசுவா? மேலாக எடுத்தது என்றால் புண்ணில் சும்மா குடியிருக்கிற கிருமிகூட வளர்ந்திருக்கலாம், அதை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடுதலாக இருந்தால் செஃப்டாசிடிம் டோஸைக் குறைக்க வேண்டிவரும், அதையும் சொல்லி வையுங்கள். காய்ச்சல், சிவப்பு பரவுவது, சர்க்கரை திடீரென ஏறுவது, இதில் எது வந்தாலும் அடுத்த டிரஸ்ஸிங் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.