பத்து ஆண்டு நிறையாவிட்டால் ஓய்வூதியத்தில் பங்கில்லையா? படைவீரர் விவாகரத்துப் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: மதிப்பிற்குரிய சட்டத்தரணி அவர்களுக்கு, என் மகளுக்கு 2017இல் கொழும்பில் பதிவுத் திருமணம் நடந்தது. மருமகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அந்நாட்டுத் தரைப்படையில் பதின்மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றும் சார்ஜன்ட். மகளும் ஐந்து வயதுப் பேத்தியும் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகருக்கு அருகே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஒன்பது மாதப் பணிக்காகத் தென்கொரியா சென்ற மருமகன், அங்கிருந்து விவாகரத்துப் பத்திரங்களை அனுப்பிக் கையொப்பமிடச் சொல்கிறார். பணியிலுள்ள படைவீரர்மீது வழக்குப் போட முடியாதென்றும், திருமணம் பத்து ஆண்டு நிறையாததால் ஓய்வூதியத்தில் அவளுக்கு எதுவும் இல்லையென்றும் கூறுகிறார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து இங்கேயே வழக்குத் தொடுக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். மகளிடம் பத்தாண்டுக் கிறீன் கார்ட் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, மருமகன் சொன்ன இரண்டில் ஒன்று முழுத் தவறு, மற்றது திரித்துச் சொல்லப்பட்ட பாதி உண்மை. ஆனால் உங்கள் மகளுக்கு உடனடி ஆபத்து உறவினர்களின் யோசனையில்தான் இருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தந்தையின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை நிரந்தரமாக இங்கே கொண்டுவரக் கூடாது. எல்லை கடந்து கொண்டுசெல்லப்படும் பிள்ளைகள் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் அமெரிக்காவும் இலங்கையும் சேர்ந்துள்ளன. அதை நடைமுறைப்படுத்த நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வழமையாக வாழ்ந்த நாட்டிலிருந்து முறையின்றிக் கொண்டுவந்து, ஓராண்டுக்குள் தந்தை விண்ணப்பித்தால், மிகச் சில விலக்குகள் தவிர, பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படியே கட்டளை வரும். அமெரிக்காவில் இது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு குற்றமுமாகும். தாய் கண்ணீரோடு செய்த காரியம் பின்னர் கட்டுக்காப்பு வழக்கில் அவளுக்கே எதிரான சான்றாக வைக்கப்படும். ஓராண்டுக்கு மேல் அமெரிக்கா திரும்பாதிருந்தால் கிறீன் கார்ட்டும் கேள்விக்குள்ளாகும். விவாகரத்தினால் மட்டும் அந்த அட்டை போய்விடாது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள், ஏனெனில் இந்த அச்சத்தினாலேயே பல பெண்கள் நீட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறார்கள்.

கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மகள் இங்கே வந்து வதிந்தால் தொடுக்கலாம். ஆனால் நமது சட்டத்தில் எதிராளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். அதை நிரூபித்துத் தீர்ப்புப் பெற்றாலும் அது திருமணத்தைத்தான் முடித்துவைக்கும். படையினரின் ஓய்வூதியத்தைப் பங்கிட்டு நேரடியாக அனுப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதி அலுவலகம், அமெரிக்க நீதிமன்றக் கட்டளைகளையும், தீர்ப்புகளை ஏற்கும் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் கட்டளைகளையும் மட்டுமே சட்டப்படி ஏற்கும். கொழும்புத் தீர்ப்பை நம்பி அங்கிருந்து பணம் வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி மருமகனின் முதலாவது கூற்று. படையினருக்கான சிவில் நிவாரணச் சட்டம் 2003இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது. அது வழக்கைத் தடுக்கவில்லை, தாமதப்படுத்த மட்டும் இடமளிக்கிறது. அழைப்பாணை கிடைத்த படைவீரர், தமது கடமை எவ்வாறு மன்றுக்கு வரத் தடையாக இருக்கிறது, எப்போது வர இயலும் என்பதைக் கூறும் கடிதத்தையும், விடுமுறை வழங்க இயலாதென்ற கட்டளை அதிகாரியின் கடிதத்தையும் சேர்த்து விண்ணப்பித்தால், மன்று குறைந்தது 90 நாட்களுக்கு வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு மேல் நீடிப்பது நீதிபதியின் தற்றுணிபு. அவர் தோன்றாமலே தீர்ப்புக் கேட்பதாயின், எதிராளி படைச் சேவையில் இருக்கிறாரா என்பது பற்றி வழக்காளி சத்தியக்கடதாசி தாக்கல் செய்ய வேண்டும், மன்றும் அவருக்காக ஒரு சட்டத்தரணியை நியமிக்க வேண்டும். போர்முனையில் இருப்பவர் அறியாமல் அவர் குடும்பம் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட நியாயமான பாதுகாப்பு இது. மனைவியை வாயடைக்க அதை எடுத்துக் காட்டுவது முறையல்ல.

இரண்டாவது கூற்றுத்தான் உங்கள் மகளுக்குப் பெரிய இழப்பை உண்டாக்கக் கூடியது. 1981இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் படை ஓய்வூதியத்தை விவாகரத்தில் பங்கிட முடியாதென்று தீர்ப்பளித்தது. அதற்கு மறு ஆண்டே அந்நாட்டுக் காங்கிரஸ் முன்னாள் வாழ்க்கைத்துணைகளின் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, பங்கிடும் அதிகாரத்தை மாநில நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் பத்தாண்டு விதி ஒன்று உண்டு. குறைந்தது பத்தாண்டுத் திருமணம் குறைந்தது பத்தாண்டுச் சேவையோடு ஒருங்கே ஓடியிருந்தால், மனைவியின் பங்கை நிதி அலுவலகமே நேரடியாக அவளுக்கு அனுப்பும். அவ்வளவுதான் அந்த விதி. பத்தாண்டு நிறையாவிட்டால் பங்குரிமை இல்லாமற்போவதில்லை, ஓய்வூதியம் பெறும் கணவரே மாதாமாதம் அவள் பங்கைக் கொடுக்க வேண்டிவரும் என்பதே வேறுபாடு. எட்டு ஆண்டுத் திருமணத்துக்கும் பங்கு கேட்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கில் பார்ப்போம். விவாகரத்து நாளில் சேவை 13 ஆண்டுகள் என்றும், அதில் திருமணத்தோடு சேர்ந்தவை 8 ஆண்டுகள் என்றும், அடிப்படைச் சம்பளத்தின் மூவாண்டுச் சராசரி மாதம் 4,000 டொலர் என்றும் கொள்ளுங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 வீதம், ஆகவே 13 ஆண்டுக்கு 32.5 வீதம், அதாவது 1,300 டொலர். அதில் திருமணக் காலத்துக்குரிய பதின்மூன்றில் எட்டுப் பங்கு 800 டொலர். அதன் பாதி 400 டொலர். சேவையிலிருக்கும்போதே விவாகரத்துச் செய்பவருக்கு, 2016 டிசம்பர் முதல், விவாகரத்து நாளின் பதவியையும் சேவைக் காலத்தையும் வைத்தே இப்படிக் கணக்கிட வேண்டும், வாழ்க்கைச் செலவு உயர்வு மட்டும் பின்னர் சேரும். அவர் இருபது ஆண்டு நிறைத்து ஓய்வு பெற்றால்தான் இந்தப் பணம் கைக்கு வரும் என்பதையும், பாதி கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் நீதிபதியைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் மறவாதீர்கள்.

எங்கே வழக்குத் தொடுப்பது என்பதில்தான் இந்த விவகாரத்தின் முடிச்சு இருக்கிறது. மகள் வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பதால் அங்கே விவாகரத்து வழக்குத் தொடுக்கலாம். பிள்ளை கடைசி ஆறு மாதங்களாக வாழ்ந்த மாநிலமும் அதுவே ஆகையால் கட்டுக்காப்பை முடிவு செய்யும் அதிகாரமும் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஓய்வூதியத்தைப் பங்கிட, படைவீரரின் நிலையான வதிவிடம் அந்த மாநிலமாக இருக்க வேண்டும், அல்லது படைப்பணியின் காரணமாக அன்றி வேறு வகையில் அவர் அங்கு வசிக்க வேண்டும், அல்லது அவர் அந்த மன்றின் அதிகாரத்தை ஏற்க வேண்டும். பல படைவீரர்கள் வருமான வரி இல்லாத டெக்சாஸ் போன்ற மாநிலங்களைத் தமது சட்டபூர்வ வதிவிடமாக வைத்துக்கொண்டு வேறு மாநிலத்தில் பணியாற்றுகிறார்கள். மருமகனும் அப்படியாயின், வாஷிங்டன் மன்றில் அவர் ஆட்சேபித்தால் ஓய்வூதியப் பகுதி நின்றுவிடும். அப்போது அந்த ஒரு விடயத்துக்காக மற்ற மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கும். இதை ஊகிக்க வேண்டியதில்லை. அவரது மாதச் சம்பளச் சிட்டையில் வரிக்காக எந்த மாநிலம் குறிக்கப்பட்டுள்ளது என்பதும், அவர் எந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார் என்பதும் அச்சாகியிருக்கும். வீட்டில் அப்படியொரு சிட்டை கிடந்தால் மகள் அதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்தட்டும்.

அனுப்பப்பட்ட பத்திரங்களில் இப்போது கையொப்பமிட வேண்டாம். அவற்றின் நடுப்பக்கங்களில், "அவரவர் ஓய்வூதியம் அவரவருக்கே" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த வரியோடு தீர்ப்பு இறுதியாகிவிட்டால் பின்னர் அதைத் திறப்பது மிகக் கடினம். குடும்பத்தாருக்கான படை அடையாள அட்டை வைத்திருக்கும் மகள், தளத்திலுள்ள சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம். அவர்கள் விவாகரத்து மன்றில் அவளுக்காகத் தோன்ற மாட்டார்கள், கணவர் ஏற்கெனவே அதே அலுவலகத்தை நாடியிருந்தால் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். வழக்கை நடத்த, படையினர் விவாகரத்தில் பழக்கமுள்ள வாஷிங்டன் சட்டத்தரணி ஒருவர் வேண்டும். என்னைப் போன்ற கொழும்புச் சட்டத்தரணியால் அந்த வேலையைச் செய்ய இயலாது.

இதற்கிடையில் கணவர் செலவுக்குப் பணம் அனுப்பாவிட்டால், தரைப்படையின் 608-99ஆம் இலக்க ஒழுங்குவிதியைச் சுட்டி அவரது கட்டளை அதிகாரிக்கு எழுதலாம். நீதிமன்றக் கட்டளையோ எழுத்துமூல உடன்பாடோ இல்லாத காலத்திலும் குடும்பத்தைத் தாபரிக்கும் கடமையை அந்த விதி சுமத்துகிறது. விவாகரத்து இறுதியானதும் மகளுக்குரிய படை மருத்துவக் காப்பு நின்றுவிடும், பிள்ளைக்குத் தொடரும். 60 நாட்களுக்குள் கட்டணம் செலுத்தி 36 மாதங்கள் வரை மாற்றுக் காப்புப் பெறும் வழி மகளுக்கு உண்டு. இன்னொன்று, ஓய்வூதியப் பங்கு கணவர் இறந்தால் அவரோடு முடிந்துவிடும். அதன் பின்னும் வருமானம் வேண்டுமானால், உயிர்வாழ்வோர் நலத் திட்டத்தில் முன்னாள் மனைவியாக அவளைச் சேர்க்கும்படி தீர்ப்பிலேயே எழுதுவித்து, அந்தக் கட்டளையின் நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிதி அலுவலகத்துக்கு அவளே கோரிக்கை அனுப்ப வேண்டும். இந்தக் காலக்கெடு தவறியதால் உரிமையை இழந்த பெண்கள் பலர்.

கேள்வி: என் தம்பி அமெரிக்கக் கடற்படையில் கப்பலில் இருக்கிறான். அவன் மனைவி விவாகரத்தும் மகனின் கட்டுக்காப்பும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். கடலில் இருப்பதற்காகவே பிள்ளையை இழந்துவிடுவானா? முழங்காற் காயத்துக்காகப் பின்னர் கிடைக்கும் பணமும் பங்கிடப்படுமா?
- ஓர் அக்கா, கொட்டாஞ்சேனை

பதில்: பணிக்காக அனுப்பப்பட்டிருப்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு தந்தையின் கட்டுக்காப்பை நிரந்தரமாக மாற்றக் கூடாதென்று மேற்சொன்ன நிவாரணச் சட்டத்திலேயே விதி இருக்கிறது. அந்தக் காரணத்துக்காக இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கப்பட்டாலும், பணிக்காலத்துக்கு மேல் அது நீளக் கூடாது. ஆனால் தம்பி பேசாமல் இருந்தால் இந்தப் பாதுகாப்புத் தானாக வந்து சேராது. மேலே கூறிய இரு கடிதங்களோடும் அவர் உடனே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது என்று படைக்கு அவர் எழுதிக் கொடுத்த குடும்பப் பராமரிப்புத் திட்டம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் அவரிடம் கூறுங்கள். உங்களை அதில் பெயரிட்டிருந்தாலும் நிலைமை அதுவே.

ஊனத்துக்காகப் படைவீரர் நலத் துறை வழங்கும் கொடுப்பனவைச் சொத்தாகப் பங்கிட முடியாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1989இலும், மீண்டும் 2017இலும் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக அதை வருமானமே அல்ல என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளைத் தாபரிப்பைக் கணக்கிடும்போது அதைக் கவனத்தில் எடுக்கலாமென 1987இலேயே அதே நீதிமன்றம் கூறிவிட்டது. காயத்துக்குரிய பணத்தை மனைவியிடமிருந்து காப்பது சரியே, மகனிடமிருந்து அதை ஒளிக்க நினைப்பது சரியல்ல என்பது என் கருத்து.

கேள்வி: என் கணவர் இலங்கை இராணுவத்தில் வவுனியா முகாமில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்கு வருவதுமில்லை, பணம் அனுப்புவதுமில்லை. எங்கள் திருமணம் பொதுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. வவுனியாவுக்குப் போய்த்தான் வழக்காட வேண்டுமா?
- வாசகி, தெஹிவளை

பதில்: வேண்டியதில்லை. வழக்காளி வதியும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத் தொடுக்கலாம், ஆகவே நீங்கள் வதியும் இடத்து நீதிமன்றமே போதும். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அங்கீகரிக்கும் காரணங்கள் மூன்றே. திருமணத்தின் பின்னான பிறர்மனைக் கூடல், தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. கடமைக்காக முகாமில் இருப்பது கைவிடலாகாது. விடுமுறை கிடைத்தும் வராமை, அழைப்புகளுக்கு மறுமொழி இன்மை, பணம் நிறுத்தியமை ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டினால்தான், திருமணத்தை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு அவர் விலகினார் என்று மன்று நம்பும். வங்கிப் புத்தகத்தில் அவரது கடைசி வைப்பு விழுந்த திகதியைக் குறித்து வையுங்கள்.

விவாகரத்து வழக்கு நீளும். அது முடியும்வரை பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ், உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே தாபரிப்புக் கேட்கலாம். கட்டளையை அவர் மீறினால், மாதச் சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பும்படி மன்றைக் கேளுங்கள். அரச சம்பளம் பெறுபவர் என்பதால் இது உங்களுக்குச் சாதகமான வழி. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கணவரின் படை இலக்கம் ஆகியவற்றோடு புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள்.